இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய காரில் எரியும் மஞ்சள் விளக்கு

பழைய காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் பல பணிமனைகளில் ஒரே வரிசையில்தான் காரியம் நடக்கிறது. ஸ்கேனரைச் செருகுகிறார்கள், திரையில் வரும் எண்ணைப் படிக்கிறார்கள், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்தப் பாகத்தின் பெயர் தெரிகிறதோ அதை மாற்றச் சொல்கிறார்கள். பாகத்தை மாற்றி, எண்ணை அழித்துவிட்டால் விளக்கும் அணைகிறது. சில வாரங்களில் அது மறுபடி எரியும்போது அடுத்த பாகத்தின் பெயர் வருகிறது. இப்படி மூன்று நான்கு பாகங்கள் மாறிய பிறகு, "வண்டி பழசாகிவிட்டது, கொடுத்துவிடுங்கள்" என்ற அறிவுரையோடு கதை முடிகிறது. நல்ல எஞ்சின் உள்ள எத்தனையோ கார்கள் இந்த வழியில் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஸ்கேனர் காட்டும் எண் பழுதான பாகத்தின் பெயர் அன்று. எஞ்சினை நடத்தும் கணினி, தன் சென்சார்கள் வழியாகக் கண்ட ஏதோ ஒரு பொருத்தமின்மையின் பெயர் அது. புதிய வண்டியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு பாகம்தான் கெட்டிருக்கும். இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய வண்டியின் நிலை வேறு. பெட்ரோல் பம்ப் கொஞ்சம் தளர்ந்திருக்கும், பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டரில் கொஞ்சம் படிவு இருக்கும், ரப்பர் குழாய்கள் இறுகியிருக்கும், எர்த் ஒயரின் முனையில் பச்சை பூத்திருக்கும். இவற்றில் எதுவும் தனியாக விளக்கை எரியவைக்கும் அளவுக்குக் கெட்டிருக்காது; எல்லாம் சேர்ந்து எல்லையை ஒட்டி நிற்கும்போது, கடைசியாக வந்து சேரும் ஒரு சிறிய குறை எல்லையைத் தாண்டவைக்கிறது. அந்தக் கடைசிக் குறையைத்தான் தேட வேண்டும். திரையில் இருக்கும் எண் அதைத் தேடத் தொடங்கும் இடத்தை மட்டுமே காட்டும்.

இந்த விளக்கு ஏன் வந்தது என்று தெரிந்திருப்பது, அது சொல்வதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மீது கவிந்த புகைமூட்டம், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது என்பதை 1950-களின் தொடக்கத்தில் கால்டெக் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் காட்டினார். 1967-இல் கலிஃபோர்னியாவில் காற்றுவள வாரியம் அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவரானார். அந்த வாரியத்தின் விதிகளிலிருந்துதான், தன் புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும் கார் என்ற ஏற்பாடு பிறந்தது. 1988 மாடல்களில் அதன் முதல் வடிவமும், 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதும் ஓ.பி.டி. 2 என்ற பொது வடிவமும் கட்டாயமாயின. இந்தியாவில் வாகனப் புகைக்கான பி.எஸ். 4 விதிகளோடு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. ஆகவே இந்த மஞ்சள் விளக்கு முதன்மையாகப் புகைக்குக் காவல். எஞ்சின் நன்றாக ஓடும்போதும் இது எரியலாம். எஞ்சின் ஆயில் இல்லாமல் சாகும் தறுவாயிலும் இது எரியாமல் இருக்கலாம். அதற்கென்று சிவப்பு விளக்குகள் தனியாக இருக்கின்றன. ஆயில் அழுத்தமோ எஞ்சின் வெப்பமோ சிவப்பில் எரிந்தால் ஓரம் கட்டி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு போய்ச் சேரலாம், நாளைக்குப் பார்க்கலாம். அதே மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் நிதானம் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடித்து, எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரை உருக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மெல்ல அருகில் உள்ள நிழலுக்குப் போய் நிறுத்துவதே சரி.

நான் முதலில் கேட்டுக்கொள்வது, எண்ணை உடனே அழிக்க வேண்டாம் என்பதுதான். விளக்கு எரிந்த கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி ஒரு படம்போலப் பதிந்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஸ்கேனர் அதைக் காட்டும். எஞ்சினின் சுழற்சி வேகம், வண்டியின் வேகம், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் வெப்பம், எஞ்சின் மீதிருந்த சுமை, எரிபொருள் திருத்தம் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். சிக்னலில் நின்றபோது எரிந்ததா, நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது எரிந்ததா, காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, மதியம் கொதித்த எஞ்சினிலா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் விடை உண்டு. எண்ணை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். பல பணிமனைகளில் ஸ்கேனரைச் செருகிய கையோடு அழிக்கும் பொத்தானை அழுத்துகிறார்கள். "திரும்ப வந்தா பாத்துக்கலாம் சார்" என்கிறார்கள். திரும்ப வருவதற்குள் நாம் ஒரு மாதம் ஓட்டியிருப்போம். கன்வெர்ட்டர் போன்ற பாகத்துக்கு அந்த ஒரு மாதம் மிக நீண்ட காலம்.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான குறைகளுக்கு, கணினி ஒரு தடவை கண்டதும் விளக்கை எரிப்பதில்லை. முதல் ஓட்டத்தில் கண்டால் நிலுவையில் வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் உறுதிசெய்து விளக்கை எரிக்கும். ஆகவே உறுதியான எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, நிலுவையில் இருப்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே டேஷ்போர்டின் அடியில் இருக்கும் 16 முனைகள் கொண்ட சாக்கெட்டில் செருகும் சிறிய ப்ளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் இருந்தாலே இவை எல்லாவற்றையும் வீட்டு வாசலில் நின்று பார்த்துவிடலாம். பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஸ்டெப்னியைப் போல அந்தக் கருவியும் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். சென்னையில் ஓடும் 2014 மாடல் பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர். விளக்கு எரிந்தபோது இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தது. உறுதியான எண் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். நிலுவையில் இருந்தது பி0420, அதாவது கன்வெர்ட்டரின் திறன் போதவில்லை. முதலில் காட்டிய பணிமனையில், ஆக்ஸிஜன் சென்சார்கள் இரண்டையும் கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டும் என்று அரை லட்சத்தை ஒட்டிய மதிப்பீட்டைக் கொடுத்தார்கள். வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை அன்று. இன்னொரு பக்கம், 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய கட்டமும் தொலைவில் இல்லை. இந்தக் கணக்கில்தான் பலர் வண்டியையே விற்றுவிடுகிறார்கள். நான் மதிப்பீட்டை மடித்து வைத்துவிட்டு ஃப்ரீஸ் ஃபிரேமைத் திறந்தேன். வண்டி வேகம் பூஜ்யம், எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்), கூலன்ட் முழுச் சூட்டில், நீண்டகால எரிபொருள் திருத்தம் கூட்டல் 19 சதவீதம். நின்றுகொண்டிருக்கும்போது வந்த குறை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

இந்த எரிபொருள் திருத்தத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பழைய பெட்ரோல் காரைப் பற்றி ஸ்கேனர் தரும் தகவல்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்வதும் இந்த விகிதத்தை ஒட்டித்தான். எனவே கணினி, தன் கணக்குப்படி பெட்ரோலைத் தெளித்துவிட்டு, புகைவழியில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்கிறது. ஆக்ஸிஜன் மிஞ்சியிருந்தால் அடுத்த சுற்றில் கொஞ்சம் கூட்டுகிறது, இல்லையென்றால் குறைக்கிறது. நொடிக்கு நொடி நடக்கும் இந்த மாற்றம் குறுகியகாலத் திருத்தம். அது தொடர்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அந்தச் சாய்வை நீண்டகாலத் திருத்தத்தில் ஏற்றிக்கொள்கிறது. கடைக்காரர் அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவதைப் போன்றது இது. கடையின் உண்மை நிலை பேரேட்டில்தான் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், கூட்டலிலோ கழித்தலிலோ 10 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாக நலம். கூட்டல் 20, 25 சதவீதத்தை ஒட்டும்போது பல கணினிகள் பி0171-ஐ எழுதி விளக்கை எரிக்கின்றன.

எண்ணைவிட, அது எந்த வேகத்தில் எப்படி மாறுகிறது என்பதே முக்கியம். எஞ்சின் சூடானபின் ஐடிலில் ஒரு தடவை, 2,500 சுழற்சியில் நிலையாகப் பிடித்து ஒரு தடவை, மேடேறும்போது சுமையில் ஒரு தடவை என்று மூன்று இடங்களில் படிக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ ஐடிலில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மேடேறும்போது திருத்தம் ஏறும், பிக்கப்பும் குறையும். இஞ்செக்டர்கள் அடைத்திருந்தால் எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு கூட்டல் இருக்கும். என் வண்டியில் ஐடிலில் கூட்டல் 19, 2,500-இல் கூட்டல் 6, சுமையிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, பம்ப் தப்பித்தது. அதைக் கழற்றாமலேயே அவ்வளவு சொல்லிவிடலாம்.

ஐடிலில் மட்டும் காற்று மிகுதி என்றால், இணையத்தில் தேடும் எவருக்கும் முதலில் வரும் பதில், காற்று உறிஞ்சும் வழியில் எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கள்ளத்தனமாக நுழைகிறது என்பதுதான். அந்தப் பதில் பெரும்பாலும் அமெரிக்க அனுபவத்திலிருந்து வருவது. அங்கே பல கார்களில் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் இருக்கிறது. அளக்கும் இடத்தைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது, அதனால் பெட்ரோல் குறைந்துபோகும். நம் ஊரின் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் அந்தச் சென்சாரே கிடையாது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் அளக்கிறது. கணினி அதிலிருந்து காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. இத்தகைய வண்டியில் குழாய் கிழிந்து காற்று புகுந்தால் மேனிஃபோல்டின் அழுத்தமும் உயரும், கணினி அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும். விளைவாக ஐடில் வேகம்தான் ஏறுமே தவிர, திருத்தம் இவ்வளவு ஏறாது. என் வண்டியில் இருப்பது மேப் சென்சார்தான். ஐடில் வேகமும் ஏறவில்லை. எனவே காற்று எஞ்சினுக்குள் நுழையவில்லை, ஆனால் ஆக்ஸிஜன் சென்சாருக்கு மட்டும் காற்று தெரிகிறது. அந்த இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வேண்டுமென்றால், எஞ்சினுக்கும் சென்சாருக்கும் இடையில் புகைவழியிலேயே ஓட்டை இருக்க வேண்டும். புகைவழியில் ஓட்டை இருந்தால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று கேட்கலாம். புகை சீரான ஓட்டமாக வருவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தள்ளும்போது துடிப்பு துடிப்பாக வருகிறது. ஐடிலில் இரண்டு துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். அந்தக் கணத்தில் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். வேகம் ஏறினால் உள்ளே எப்போதும் அழுத்தம் மிகுந்திருக்கும், காற்று புகாது. ஐடிலில் 19, வேகத்தில் 6 என்ற கணக்கு இதனோடு அப்படியே பொருந்தியது.

அந்த மீதி 6-ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. நாடு முழுவதற்குமான அந்த இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரிய ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 9 கிலோ காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்கு விகிதம் 13.5-ஐ ஒட்டி இறங்கிவிடும்; 10 சதவீதக் கலவைக்கு அது சுமார் 14.1. தூய பெட்ரோலையோ 10 சதவீதக் கலவையையோ எண்ணிக் கணக்கிட்ட கணினி, இந்தக் கலவையில் நான்கு முதல் ஒன்பது சதவீதம் வரை கூடுதலாகத் தெளித்தால்தான் சரியான கலவை கிடைக்கும். எனவே 2014 வண்டியில் கூட்டல் 5, 6 இருப்பதைப் பழுது என்று எண்ணிப் பாகங்களை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அதே சமயம், பழைய வண்டிக்கு எல்லைக்கோடு அந்த அளவுக்கு அருகே வந்துவிட்டது என்பதும் உண்மை. முன்பு கூட்டல் 14-இல் ஓசையின்றி இருந்திருக்கக்கூடிய ஒரு சிறிய கசிவு, இன்று விளக்கை எரியவைக்கிறது. எத்தனால் பெட்ரோல் வந்த பிறகுதான் விளக்கு எரிகிறது என்று சொல்பவர்கள் பலரைப் பார்க்கிறேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பெட்ரோலைக் குறை சொல்லி நிறுத்திவிட்டால் கசிவு கசிவாகவே இருக்கும்.

இந்தக் கணக்கோடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். ஸ்கேனரைவிடக் காதை அதிகம் நம்புகிறவர் அவர். எண்களைக் காட்டியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலையில முதல் ஸ்டார்ட்ல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருதா சார், கொஞ்ச நேரத்துல அடங்கிடுதா?" என்றார். வருகிறது என்றேன், டேப்பெட் சத்தம், அதாவது வால்வுப் பக்கத்துச் சத்தம், என்று எல்லோரும் சொன்ன சத்தம் அது. வண்டியை இரவு அங்கேயே விட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். நான்காம் சிலிண்டரின் பக்கம், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில், விரல் நகம் அகலத்துக்கு ஒரு கருஞ்சாம்பல் கோடு விசிறிபோல் விரிந்திருந்தது. மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்கும் மரைக்கம்பிகளில் அந்த ஓரத்து ஸ்டட் பாதியில் முறிந்து, நட்டு இருக்க வேண்டிய இடத்தில் துரு பிடித்த வெற்றுத் துளை மட்டும் இருந்தது. எஞ்சினைக் கிளப்பியதும், சோப்புத் தண்ணீர் நனைத்த பிரஷை அந்த இணைப்பின் மீது தடவினார். ஒவ்வொரு துடிப்புக்கும் நுரை ஒரு கணம் வெளியே உப்பி, அடுத்த கணம் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டது. காதை வைத்தால் டிக், டிக் என்ற அதே சத்தம். மேனிஃபோல்டு சூடேறி விரியத் தொடங்கியதும் சத்தம் மெல்லத் தேய்ந்தது. ஆனால் அப்போதும் நுரையின் அசைவு முழுவதும் நிற்கவில்லை. இரும்பு விரிந்தும் சுருங்கியும் ஆயிரக்கணக்கான தடவை ஆன பிறகு ஓரத்து ஸ்டட் முதலில் முறிவது பல எஞ்சின்களில் நடப்பதுதான் என்றார். நீளமான மேனிஃபோல்டில் விரிவு முழுவதும் ஓரங்களில்தான் போய்ச் சேர்கிறது. அதன் இழுப்பைத் தாங்குவது ஓரத்து ஸ்டட்கள்.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. அவசரப்பட்டு ட்ரில் போட்டு அலுமினிய ஹெட்டின் மரை கெட்டுவிட்டால் செலவு பல மடங்காகிவிடும். அவர் துருநீக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, மிச்சமிருந்த முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து, அந்தச் சூடு ஆறும் தருணத்தில் மெல்ல முன்னும் பின்னுமாகத் திருப்பி வெளியே எடுத்தார். மேனிஃபோல்டைக் கழற்றி அதன் முகத்தில் நேர்க்கோல் வைத்துப் பார்த்தபோது, நான்காம் சிலிண்டர் பக்கம் வெளிச்சம் தெரிந்தது, வெப்பத்தில் வளைந்திருந்தது. அதை அப்படியே வைத்து, இணைப்பின் இடைவெளியை அடைக்கும் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டிருந்தால் சில மாதங்களில் மறுபடி ஊதியிருக்கும். பக்கத்து லேத் பட்டறையில் முகத்தைச் சமமாக்கி, எல்லா ஸ்டட்களையும் புதிதாக மாற்றி, சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் வாங்கிய கம்பெனி பேக்கிங்கைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்ற வரிசையில் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கினார். பேக்கிங், ஸ்டட், லேத் கூலி, கைக்கூலி எல்லாம் சேர்த்தும் முதல் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

கன்வெர்ட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நல்ல கன்வெர்ட்டர் ஆக்ஸிஜனைத் தன்னுள் சேமித்து வைத்து வேண்டும்போது விடுகிறது. எனவே அதற்கு முன்னால் இருக்கும் சென்சாரின் மின்னழுத்தம் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தாலும், பின்னால் இருக்கும் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டை ஒட்டி ஏறத்தாழ அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன் சென்சாரைப் போலவே ஆடத் தொடங்கினால் கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று பொருள். மதிப்பீடு கொடுத்த இடத்தில் யாரும் ஸ்கேனர் வரையும் இந்த இரண்டு சென்சார்களின் கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. நானும் மெக்கானிக்கும் 2,500 சுழற்சியில் எஞ்சினைப் பிடித்துப் பார்த்தபோது பின் சென்சாரின் கோடு அசையாமல் நின்றது. ஓட்டை வழியாகப் புகுந்த காற்றும், அதை நம்பிக் கணினி கூடுதலாகத் தெளித்த பெட்ரோலும் சேர்ந்துதான் கன்வெர்ட்டரின் சோதனையைக் கெடுத்திருக்கின்றன. அப்படியே மேலும் பல மாதங்கள் ஓடியிருந்தால் அந்த மிகுதிப் பெட்ரோல் கன்வெர்ட்டரை உண்மையாகவே கொன்றிருக்கும். பி0420 தனியாக வருவதைவிட இன்னொரு எண்ணோடு சேர்ந்து வரும்போது, அந்த இன்னொன்றை முதலில் தீர்த்துவிட்டுத்தான் கன்வெர்ட்டரைப் பற்றிப் பேச வேண்டும். கன்வெர்ட்டர் தானாகச் சாவது அரிது. மிஸ் அடிக்கும் சிலிண்டர், எரியும் எஞ்சின் ஆயில், கசியும் கூலன்ட் ஆகியவையே பெரும்பாலும் அதைச் சாகடிக்கின்றன. காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

மிஸ் அடிப்பதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. பி0301 முதல் பி0304 வரையிலான எண்களில் கடைசி இலக்கம் சிலிண்டரைக் குறிக்கும். பி0303 வந்தால் மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி முதலாவதில் போட்டு, முதலாவதின் காயிலை மூன்றாவதில் போட்டு ஓட்டிப் பாருங்கள். எண் பி0301-ஆக மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது; மூன்றிலேயே நின்றால் அடுத்ததாக பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இஞ்செக்டர், பிறகு கம்ப்ரெஷன். ஒரு சிலிண்டருக்கு ஒரு காயில் என்று தனித்தனியாக இருக்கும் வண்டிகளுக்குத்தான் இது பொருந்தும். சிலிண்டர் எதையும் சுட்டாத பி0300 வந்தால் காயில்களை விட்டுவிட்டு, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவானவற்றை, அதாவது பெட்ரோல் அழுத்தம், டைமிங் செயின், எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் மழைக்காலமும் சேர்ந்து பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் இணைப்புகளைத் தின்றுவிடுகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு எண்கள் ஒரே நாளில் வந்தால், அத்தனை பாகங்களும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கிறதா, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் ஏதும் விழுகிறதா என்று ஒரு சாதாரண மீட்டரால் பார்த்துவிடலாம். அதன்பின் ஒயரிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் எலிகள் சென்சார் ஒயர்களைக் கடித்து வைப்பது நம் ஊரில் எல்லா மெக்கானிக்குகளும் அன்றாடம் பார்ப்பது. சென்சாரை மாற்றச் சொல்லும் எண், பல நேரங்களில் சென்சாருக்குப் போகும் ஒயரைப் பற்றியது. ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டருக்கான பி0135 வந்தால்கூட, சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் ஃபியூஸையும் கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வேலை முடிந்த பிறகுதான் எண்களை அழித்தோம். அழித்ததும் கணினி தன் சோதனைகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்த வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட், ஐடில், சீரான நெடுஞ்சாலை ஓட்டம் எல்லாம் கலந்து ஓட்டினால்தான் கன்வெர்ட்டருக்கான சோதனையும் ஆக்ஸிஜன் சென்சாருக்கான சோதனையும் முடியும். அவை முடிந்துவிட்டன என்று ஸ்கேனர் காட்டும் வரை, விளக்கு அணைந்திருப்பது எதற்கும் சான்று ஆகாது. செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையில் போய் வந்த பிறகு எல்லாச் சோதனைகளும் முடிந்திருந்தன. நிலுவையில் எந்த எண்ணும் இல்லை. ஐடிலில் நீண்டகாலத் திருத்தம் கூட்டல் 7-க்கு இறங்கி நின்றது, 2,500-இல் கூட்டல் 5.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே கருவி உதவும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன், செக் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ அதன் இணைப்பைப் பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தால் ஸ்கேனரைச் செருகி, எண்கள் அழிக்கப்பட்டபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலான கார்கள் அதைச் சொல்லும். அது 15 அல்லது 20 கிலோமீட்டர் என்றும், சோதனைகள் இன்னும் முடியவில்லை என்றும் காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் எண்ணை அழித்திருக்க வாய்ப்பு அதிகம். விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு மீண்டும் ஸ்கேன் செய்ய ஒப்புக்கொள்கிறீர்களா என்று விற்பவரிடம் கேளுங்கள்.